46 வயதில் அலைச்சறுக்கு: கடலில்லாத ஊரிலிருந்து போய்க் கற்கும் வழி

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறுதான் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நின்றேன். சின்ன வயதில் மெரினாவில் கால் நனைத்ததை விட்டால், அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் அதுதான்.

சத்துவாச்சாரியில் 23 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். வயது 46, எடை 68 கிலோ, இடது முட்டி மடக்கினால் சத்தம் போடும். இப்படிப்பட்ட நான் ஒன்றரை வருடமாக மாதம் ஒரு முறை சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கோவளத்துக்குப் போய் அலைச்சறுக்கு (சர்ஃபிங் என்பார்கள்) கற்றுக்கொண்டிருக்கிறேன். இழுத்துவிட்டவள் காட்பாடியில் பள்ளிக்கூடம் படித்தபோது என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கல்யாணமாகிக் கேளம்பாக்கம் போனவள், 41 வயதில் பலகையில் ஏறக் கற்றுக்கொண்டாள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், “அக்கா, நெசமாவா? எப்படிக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அளவு எடுத்துக்கொண்டே சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கிணறு

நீச்சல் தெரியாதவர்களையும் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த அலை வரும்வரைதான் அது இடுப்பளவு. பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு (லீஷ் என்பார்கள்) அறுந்துபோனால், பிடித்து மிதக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கடப்பாறை நீச்சல். சின்ன வயதில் அணைக்கட்டுப் பக்கம் மாமா வீட்டுக் கிணற்றில் பையன்கள் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதிப்பார்கள். பெண் பிள்ளைகள் நாங்கள் படியில் உட்கார்ந்து துணி துவைத்தோம். 45 வயதில் அதே படியில் இறங்கினேன். அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். எனக்கு 5 லிட்டர் எண்ணெய் கேன் 2, மூடியை இறுக்கி, பழைய புடவைக் கிழிசலால் முதுகில் கட்டிக்கொண்டேன். மாமா மகன் மேலே நின்று கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். 5 வாரத்தில் ஒரு கேன் போனது, 8 வாரத்தில் இன்னொன்று. மொத்தம் 11 ஞாயிற்றுக்கிழமை. நகரத்தில் நீச்சல் குளம் கிடைத்தால் அதுவே நல்லது, கிணறுதான் என்றால் தனியாக இறங்கவே கூடாது. மோட்டார் ஓடும்போதும் கூடாது. மின்கசிவு இருந்தால் தண்ணீரே எமன். பாசி பிடித்த படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

கடலுக்குப் போகலாம் என்று நான் வைத்துக்கொண்ட அளவு இது: மல்லாந்து 3 நிமிடம் மிதக்க வேண்டும். கால் தரையில் படாமல் 2 நிமிடம் நின்ற இடத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். நிற்காமல் 50 மீட்டராவது நீந்த வேண்டும். தலை தண்ணீருக்குள் இருக்க, பதறாமல் 10 எண்ண வேண்டும். கடைசியில் சொன்னதுதான் எனக்கு அதிகம் உதவியது. தொடக்கத்தில் நாம் பிடிக்கிற சின்ன அலை நம்மை உள்ளே வைத்திருப்பது சில விநாடிதான். எண்ணத் தெரியாதவர்களுக்கு அது ஒரு நிமிடம் போலத் தெரியும்.

அப்புறம் டாக்டர். பி.பி., சுகர், தோள்பட்டை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோளைத் தூக்கினால் வலிக்கிறது என்றால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது.

மொட்டை மாடியில் 9 அடி

வேலூரிலிருந்து கோவளம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கடலோரத்தில் இருக்கிறவர்கள் வாரம் 4 நாள் இறங்குவார்கள். நமக்கு மாதத்தில் 2 காலை கிடைத்தால் பெரிது. அந்த 2 காலையையும் எழுந்து நிற்பது எப்படி என்று பார்ப்பதில் கழித்துவிட்டால் கடலைக் கற்க நேரம் ஏது? எழுந்து நிற்பதை மாடியிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

டெய்லர் சாக்கும் இன்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு மாடித் தரையில் பலகையை வரைந்தேன். நீளம் 9 அடி, அதாவது 108 அங்குலம். நடுவில் அகலம் 23 அங்குலம். நெடுக ஒரு நடுக்கோடு. கற்பவர்களுக்குக் கொடுக்கிற பலகை ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். மேலே மெத்தென்று நுரை ஒட்டிய பலகை, ‘சாஃப்ட் டாப்’ என்று கேளுங்கள். சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும், நம் வயதுக்கும் எடைக்கும் ஆகாது. வரைந்த கோட்டின் மேல் கோரைப்பாயை விரித்துக்கொள்ளுங்கள், சிமென்ட் தரை முட்டியைத் தேய்த்துவிடும். காலை 6 மணிக்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் ஊர் மே மாதத்தில் 8 மணிக்கு மாடியில் குப்புறப் படுத்தால் தோசைதான்.

குப்புறப் படுங்கள். கால் விரல்கள் பலகையின் வால் பக்கம். உள்ளங்கைகளைக் கீழ் விலா எலும்புக்குப் பக்கத்தில், தரையில் அழுத்தி வையுங்கள். பலகையின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடிக்கத்தான் கை போகும், பிடித்தால் கவிழும். நெஞ்சைத் தூக்குங்கள். இளசுகள் ஒரே துள்ளலில் இரண்டு காலையும் உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள், பாப் அப் என்று அதற்குப் பெயர். எனக்கு அது வரவில்லை, வராது என்றும் தெரிந்துவிட்டது. நமக்கு ஏற்றது படிப்படியாக எழுவது: நெஞ்சு மேலே இருக்கும்போதே பின்கால் பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, முன்கால் பாதத்தை இரண்டு கைக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையை எடுப்பது. முட்டி போட்டு எழுவது சுலபம்தான். ஆனால் ஒருமுறை முட்டி போடப் பழகினால் அந்தப் பழக்கம் போகாது. முட்டியில் நிற்கும்போதே அலை முடிந்துவிடும். நான் 2 மாதம் அதில் வீணாக்கினேன்.

எந்தக் கால் முன்கால்? இடது கால் முன்னே வைப்பவர்களை ரெகுலர் என்பார்கள், வலது கால் வைப்பவர்களைக் கூஃபி என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், எது வருகிறதோ அது. மிஷின் பெடலில் என் வலது கால்தான் முன்னால் இருக்கும், அதனால் நான் கூஃபி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு நாள் சிநேகிதி சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். இடது கால் பாய்ந்து ஊன்றியது. “நீ ரெகுலருடி, இன்னாத்துக்கு ஒரு மாசமா தப்புக் கால்ல நின்னுகினு கீற?” என்றாள். நம்பிக்கையானவர்களிடம் சொல்லித் தள்ளச் சொல்லுங்கள், படிக்கட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்.

எழுந்த பிறகு நிற்கிற விதம். பாதம் இரண்டும் நடுக்கோட்டின் மேல், தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி. முட்டி மடங்க வேண்டும், முதுகு மடங்கக் கூடாது. குனியாதீர்கள், குந்துங்கள். ஆயிரம் தடவை இதைக் கேட்டிருப்பேன். இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாசலில் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து கோலம் போட்டவர்களுக்கு இடுப்பும் கணுக்காலும் இன்னும் கொஞ்சம் பேச்சைக் கேட்கும். நான் விட்டிருந்த கோலத்தை மறுபடி எடுத்தேன், ஸ்டூலில் உட்காராமல். பெரிய புள்ளிக்கோலமாகப் போட்டால் 20 நிமிடப் பயிற்சி.

இன்னொரு பயிற்சி கட்டிங் டேபிளில். தையல்காரி முதுகு எப்படி இருக்கும் என்று தெரியுமே, கழுத்து முன்னே, தோள் உள்ளே. பலகையில் படுத்துக் கையால் தண்ணீர் தள்ளிப் போக, இதற்கு நேர் எதிராக நெஞ்சைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். மேசையின் மேல் விலாவுக்கு அடியில் துண்டை மடித்து வைத்துப் படுத்து, கை இரண்டும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு இழுப்பையும் நீளமாக. முதலில் அரை நிமிடம்கூடத் தாங்காது. தினம் 3 தடவை செய்து 3 நிமிடம் தாங்குகிற அளவுக்கு வாருங்கள். கடை ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்யுங்கள். நான் இறக்காமல் செய்த அன்று, ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்த புடவையை வாங்க வந்த அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

என்ன போட்டுக்கொள்வது

இது என் தொழில், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டன் சுடிதாரோடு இறங்காதீர்கள். காட்டன் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். டாப்ஸின் கீழ்ப்பகுதி மிதந்து வந்து முகத்தை மூடும், எழும்போது முட்டிக்கு அடியில் மாட்டும். துப்பட்டாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேண்டியது உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் உலர்கிற துணி: முழுக்கை வைத்த மேல்சட்டை (ராஷ் கார்டு), கீழே கணுக்கால்வரை லெக்கின்ஸ். முழுக்கை வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் பலகை தேய்ப்பதற்கும் சேர்த்து. உடம்பு தெரிகிறதே என்று கூச்சமாக இருந்தால் மேலே ஒரு லைக்ரா அரைப் பாவாடையைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம், தொடை நடுவரை போதும். நான் அப்படித்தான் தொடங்கினேன். 4 முறை போன பிறகு அதை நானே பிரித்து எடுத்துவிட்டேன், காலைத் தடுத்தது.

முதல் உடையை நான் தைத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் சாதாரண நேர்த்தையல், சாதாரண நூல். இரண்டாவது அலையில் அக்குளிலிருந்து இடுப்புவரை ‘டர்ர்’ என்று பிரிந்தது. 23 வருடத் தொழில்காரிக்கு அதைவிட அவமானம் இல்லை. நீளுகிற துணிக்குத் தையலும் நீள வேண்டும். ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக், பாலியஸ்டர் நூல், துணியைக் குத்திக் கிழிக்காத பால்பாயின்ட் ஊசி. அக்குள் தையல் தட்டையாக இருக்கட்டும், முண்டும் முடிச்சும் இருந்தால் கையை ஆட்டி ஆட்டித் தோல் உரிந்துவிடும். முன்பக்கம் பட்டன், கொக்கி, ஜிப் எதுவும் வேண்டாம், அதன் மேல்தான் நாள் முழுக்கப் படுக்கப் போகிறோம். லெக்கின்ஸ் நாடா உள்பக்கம் வரட்டும். அலை வந்து போன பிறகு நாடாவைத் தேடுகிற நிலைமை நமக்கு வேண்டாம்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் நாள் காலையில் வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டு போனேன். பலகை முழுக்க எண்ணெய், கை வைத்த இடமெல்லாம் வழுக்கல். சொல்லிக்கொடுத்த தம்பி ஒரு பிடி ஈரமணலை அள்ளிப் பலகையைத் தேய்த்துக் கழுவ வேண்டியதாயிற்று. சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் பூசிய பிறகு உள்ளங்கையை மணலில் துடைத்துவிடுங்கள். கொண்டை வேண்டாம், இறுக்கமான ஒற்றைப் பின்னல்.

மெட்டி, வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலி அவரவர் விருப்பம். சங்கிலி அறுந்தால் கடலில் தேட முடியாது, கழுத்திலும் மாட்டும். சிநேகிதி கழற்றிச் சாமி படத்தில் மாட்டிவிட்டு வருவாள். நான் மாமியாருக்காக மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, கழுத்து உயர்ந்த சட்டைக்குள் தனியாக ஒரு சின்னப் பை தைத்து அதில் வைத்துக்கொள்கிறேன். நம் வயதில் மாதவிலக்கும் தேதி சொல்லி வராது. நாப்கின் தண்ணீரில் உதவாது. கப் பழகியவர்கள் இறங்கலாம், மற்றவர்கள் அந்த முறை கரையில் உட்கார்ந்து அலை எண்ணுங்கள், அதுவும் பாடம்தான்.

போகிற வழி

சனிக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு வேலூரிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, அப்புறம் திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம். இரவு சிநேகிதி வீடு. விடியற்காலை அவள் ஸ்கூட்டரில் உப்பங்கழியைத் தாண்டிக் கோவளம். அன்றே கிளம்பி அன்றே இறங்கலாம் என்று நினைக்காதீர்கள், 5 மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிய இடுப்பு பலகையில் எழாது. இரவு சாப்பாடு லேசாக இருக்கட்டும். ஒருமுறை ஆம்பூரிலிருந்து வந்த பிரியாணியைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரும் இரவு 10 மணிக்குச் சாப்பிட்டோம். காலையில் பலகையில் குப்புறப் படுத்ததும் அந்தப் பிரியாணி பேசியதை எழுத முடியாது. காலையில் 2 இட்லி அல்லது வாழைப்பழம், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

கோவளம் நமக்கு அன்னிய ஊர் இல்லை. ஒருகாலத்தில் ஆற்காட்டு நவாப் வளர்த்த துறைமுகம் அது. அங்கே அலைச்சறுக்கு பரவியதற்குக் காரணம் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், தானாகவே கற்றுக்கொண்டு ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இன்று சொல்லிக்கொடுக்கிறவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். 2025 ஆகஸ்டில் பக்கத்து மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது, நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தச் செய்தி வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் இதை ஒரு விளையாட்டு என்று ஒப்புக்கொண்டார்.

எந்த மாதம்? ஜனவரி முதல் மார்ச்வரை அலை பெரும்பாலும் சின்னது, தொடங்க நல்லது. ஏப்ரல், மே தாண்டினால் தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலைகள் வந்து சேரும், தேர்ந்தவர்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை, புயல். அந்த மாதங்களில் நான் மாடியோடு சரி. எப்போது போனாலும் முந்தின நாள் ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கடல் நிலை எச்சரிக்கை ஏதாவது விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் பஸ் ஏறாதீர்கள். நேரம் என்றால் விடியற்காலைதான். அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை வழவழவென்று ஒழுங்காக வரும். வெயில் ஏறினால் காற்று திரும்பிவிடும், கடல் கசங்கிய துணி மாதிரி ஆகிவிடும்.

இறங்குவதற்கு முன் 20 நிமிடம்

மணலில் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் ஒரு ஓய்வு. எத்தனை அலைக்கு ஒரு ஓய்வு என்று எண்ணுங்கள். பிறகு இழுப்பு எங்கே என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். அங்கே நுரை கரைக்கு வராமல் கடலைப் பார்த்துப் போகும். ஊர் தெரியாதவர்கள் “இங்கதான் அலையே இல்லை” என்று அங்கேதான் இறங்குவார்கள். தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் பலகையை விடாதீர்கள், அதுதான் மிதவை. கரையைப் பார்த்து எதிர்த்துத் தள்ளாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், நுரை அலை உடைகிற இடம் வந்ததும் உள்ளே திரும்புங்கள். ஒரு கையைத் தூக்கி ஆட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். உள்ளங்கையைத் தலையில் வைத்தால் ‘நான் நலம்’ என்று அர்த்தம். இந்த இரண்டையும் கரையில் நிற்பவர்களோடு முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படகு கரையேறுகிற பாதையில் நிற்காதீர்கள். வலை போட்டிருக்கிறார்களா என்று மீனவர்களையே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. வழிவிட வேண்டியது நாம்தான்.

பலகையைத் தூக்குவது எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. என் உயரம் 5 அடி 1 அங்குலம், 23 அங்குலப் பலகையை அக்குளில் இடுக்கினால் கை அந்தப் பக்கம் எட்டவில்லை. கடைசியில் சும்மாடு மடித்துத் தலையில் வைத்துக்கொண்டேன், புல்லுக்கட்டு தூக்குகிற மாதிரி. கரையில் இருந்த பையன்கள் சிரிக்கவில்லை, நீளப் பலகைக்காரர்கள் பலர் அப்படித்தான் தூக்குவார்களாம்.

தண்ணீருக்குள்

லீஷைப் பின்கால் கணுக்காலில் கட்டுங்கள். கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள், பலகை இழுக்கிற இழுப்பில் விரல் போய்விடும். இடுப்பளவுவரை நடந்தே போகலாம், பலகையின் மூக்கு கடலைப் பார்க்க, பலகை உங்கள் பக்கத்தில். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை வரக் கூடாது. இதை எனக்கு 3 தடவை சொன்னார்கள். நான்காவது அலையில் மறந்தேன், பலகை வந்து தாடையில் அடித்தது. 10 நாள் இட்லியைக்கூடப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் என் வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், பாவம்.

முதல் நாள் நிற்கவே முயலாதீர்கள். அலை ஏற்கெனவே உடைந்து, நுரையாக உருண்டு வருமே, அதில் குப்புறப் படுத்தபடியே கரைவரை வாருங்கள். பத்துப் பதினைந்து தடவை. இதில்தான் எங்கே படுப்பது என்று உடம்புக்குத் தெரியும். ரொம்ப முன்னால் படுத்தால் மூக்கு குத்திக் குட்டிக்கரணம், ரொம்பப் பின்னால் படுத்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். சரியாக வந்த தடவை உங்கள் மோவாய் பலகையில் எந்த எழுத்துக்கு நேராக இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிற்பது. அலை இரண்டு மூன்று பலகை தூரத்தில் இருக்கும்போது கையால் தள்ளத் தொடங்குங்கள். வால் தூக்குவது தெரியும். உடனே எழ மனசு துடிக்கும், எழாதீர்கள். இன்னும் இரண்டு தள்ளு. பலகை தானாக ஓடத் தொடங்கிய பிறகு, மாடியில் செய்ததைச் செய்யுங்கள். அந்த இரண்டு தள்ளுதான் எனக்கு 3 மாதம் பிடிபடாமல் இருந்தது. கண் கரையில் உள்ள ஒரு மரத்திலோ கட்டடத்திலோ இருக்கட்டும். “கால பாத்தீங்கன்னா கால்மேலயே வுழுவீங்கக்கா, முன்னால பாருங்க” என்பான் அந்தத் தம்பி. முதல் நாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டான், இரண்டாம் நாள் நானே அக்காவுக்கு மாற்றிவிட்டேன்.

விழுவதையும் கற்க வேண்டும். நிற்பதைவிட அதைத்தான் அதிகம் செய்யப் போகிறோம். தலைகுப்புறப் பாயாதீர்கள், காலை நீட்டிக் குதிக்கவும் வேண்டாம், அடியில் மணல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாது. பக்கவாட்டில் அல்லது பின்பக்கம், தட்டையாக, மெத்தையில் விழுகிற மாதிரி விழுங்கள். விழுந்ததும் இரண்டு கையாலும் தலையை மூடி, மெதுவாக 3 எண்ணி, ஒரு கையை மேலே நீட்டியபடி எழுந்து, பலகை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் துடைக்க வேண்டும்.

நான் நான்காவது பயணத்தில் நின்றேன். 2 விநாடி இருக்கும். ஏழாவது பயணத்தில் கரைவரை வந்தேன். உங்களுக்கு முன்னதாகவும் வரலாம், பின்னதாகவும் வரலாம். நுரையில் பத்துக்கு எட்டு நிற்க முடிகிறவரை, உடையாத அலை இருக்கிற ஆழத்துக்குப் போகாதீர்கள். அங்கே போனால் ஒரு அலைக்கு ஒரு ஆள் என்று கணக்கு. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவருக்கே அது. குறுக்கே விழுந்தால் சண்டை வராது, அடிபடும்.

சிநேகிதி எதற்கு

முதல் 5, 6 முறை சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பணம் கட்டிவிடுங்கள். பலகை வாடகை சேர்த்தா, எவ்வளவு நேரம், சொல்லிக்கொடுக்கிற ஒருவருக்குக் கற்பவர்கள் எத்தனை பேர் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிநேகிதி எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் அலையில் தள்ளிவிடுகிற வேலையை அவளிடம் கொடுக்காதீர்கள். எந்த அலை, எந்த நொடி என்று தெரிந்தவர் கை வேறு. எங்களுக்குள் சண்டை வந்ததே அதனால்தான். அவள் தள்ளினாள், நான் மூக்கு குத்தி விழுந்தேன், எழுந்து பார்த்தால் அவள் கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் வறுத்த மீன் வரும்வரை பேசவில்லை.

அவளால் ஆகிற காரியம் வேறு. அவள் கையில் கடிகாரம் இருக்கும். 45 நிமிடம் ஆனதும் விசில். நான் ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று கெஞ்சினாலும் வெளியே இழுத்துத் தண்ணீர் குடிக்க வைப்பாள். நம் வயதில் அடிபடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒன்றில்தான். போனில் படம் எடுப்பாள், 10 அலை போதும். ராத்திரி அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். நான் குந்துவதாக நினைத்த இடத்தில் எல்லாம் குனிந்துகொண்டுதான் இருந்தேன் என்று படம் பார்த்துத்தான் தெரிந்தது. கரையிலிருந்து கத்த மாட்டாள். முதலில் கத்தினாள், “கை! கால்! முட்டி!” என்று, நான் எதைக் கேட்பது? அப்புறம் ஒரு ஒப்பந்தம்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம், அதுவும் இறங்குவதற்கு முன்பு. நன்றாக இல்லாததை நன்றாக இருந்தது என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டாவதில் அவளுக்குக் கஷ்டமே இல்லை. “பலகைய கொழந்த மாதிரி கட்டிப்புடிச்சிகினு வந்த, அது இன்னாடி சர்ஃபிங்கு?” என்பாள்.

நீங்கள் யாருக்காவது துணையாகப் போகிறீர்கள் என்றால், போகும் முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவள் வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்கு என்ன சொல்லியிருக்கிறாள், அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது.

வீடு திரும்பிய பிறகு

நல்ல தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். உப்போடு உட்கார்ந்தால் காஞ்சிபுரம் வருவதற்குள் அரிப்பு ஆளைக் கொன்றுவிடும். காதைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடுங்கள், குச்சி போடாதீர்கள். திங்கட்கிழமை விலா எலும்பு வலிக்கும், கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது தோள் வலிக்கும். செவ்வாய்க்கிழமை அதைவிட வலிக்கும். இரண்டு நாள் மாடிக்குப் போகாதீர்கள், வியாழன் மறுபடி தொடங்கலாம். ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி வலித்தாலோ, மூச்சு இழுத்தால் விலாவில் பிடித்தாலோ டாக்டர்தான், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

உடையைச் சோப்பில்லாமல் இரண்டு தண்ணீர் அலசி, முறுக்காமல் பிழிந்து, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் போடுங்கள். வேலூர் வெயிலில் நேராகக் காயப்போட்டால் லைக்ராவின் இழுவை சீக்கிரம் போய்விடும். என்னுடைய இரண்டாவது சட்டை அப்படித்தான் தொளதொளத்து, இப்போது மிஷினுக்கு மூடுதுணியாக இருக்கிறது. அடுத்ததற்குக் கை நீளம் அரை அங்குலம் கூட்டி வெட்டி வைத்திருக்கிறேன், இந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமைக்குள் தைத்து முடிக்க வேண்டும்.